நாகர்கோவில் டீக்கடைக் கணக்கு: ஆர்.சி. இவ்வளவு, சி.எஸ்.ஐ. இவ்வளவு, இந்து இவ்வளவு... ஓட்டு நிஜமாவே இப்படித்தான் விழுதா?

சிறுவாணி

கோயம்புத்தூர்க்காரிங்க நான். பேங்க் வேலையில மாற்றலாகி நாகர்கோவில் வந்திருக்கேன். வந்ததுல இருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடையுது, அதான் இங்க கேக்கறேன்.

எங்க கிளையில மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தாலே பேச்சு அரசியலுக்கு வந்துடும். அது பரவாயில்லை. ஆனா ஒருத்தரும் விலைவாசி, ரோடு, வேலைன்னு பேச மாட்டேங்கறாங்க. "குளச்சல்ல கடப்புறத்து, அதான் கடற்கரை ஊர்க்காரங்க, ஓட்டு இத்தனை ஆயிரம், அது அப்படியே கைக்குப் போயிரும். கல்குளம் பக்கம் இந்து நாடார் இத்தனை, அதுல முக்கால்வாசி தாமரை. நாயர் ஓட்டு இத்தனை..." இப்படியே போகுது. எங்க ஹெட் கேஷியர் ஒரு பழைய சலானைத் திருப்பி, பின்பக்கம் எழுதியே காட்டிட்டார். கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு, ஜெயிக்கப் போற கட்சியைச் சுத்தி வட்டமும் போட்டாச்சு. வேட்பாளர் யாருன்னே இன்னும் அறிவிக்கலைங்க!

ஜனங்க உண்மையிலேயே சாதி, மதம் பாத்துத்தான் பட்டனை அழுத்தறாங்களா? இல்ல, மத்தவங்க அப்படித்தான் அழுத்தறாங்கன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கோமா? அப்படியே சாதி மதம்தான் எல்லாம்னா, ஒரே தொகுதியில ஒரு தடவை இவங்களும் அடுத்த தடவை அவங்களும் எப்படி ஜெயிக்கறாங்க? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஊரே மதம் மாறுதா என்ன?

யாரையும் திட்டாம, உள்ளூர்ல இருந்து பாத்தவங்க சொன்னா நல்லாருக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும் வேண்டாமுங்க.

ரயில்வே காலனி

கோயம்புத்தூர்ல இதெல்லாம் இல்லாத மாதிரியே கேக்கறீங்களே! கொங்கு பக்கத்துப் பொதுத்தொகுதிகளோட வேட்பாளர் பட்டியலை எடுத்துப் பாருங்க. முக்காவாசி இடத்துல ரெண்டு பெரிய கட்சியும் ஒரே சமூகத்து ஆளைத்தான் நிறுத்தியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே சாதின்னா "சாதி ஓட்டு"ன்னு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நாகர்கோவில்ல சத்தமா எண்ணுறாங்க, உங்க ஊர்ல எண்ணவே வேண்டியதில்லை. வேற ஒண்ணும் இல்லை.

அச்சாபீஸ் அண்ணாச்சி

ரயில்வே காலனி சொன்னது வேட்பாளர் தேர்வுக்கு ரொம்பச் சரி. ஓட்டுக்கு எவ்வளவு தூரம் சரிங்கிறதுதான் பேச்சு.

எனக்குத் தக்கலைக்குப் பக்கத்துல பிரஸ். அப்பா காலத்துல டிரெடில் மிஷின், நான் எடுத்த பொறவு ஆப்செட். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் ஆண்டறிக்கை, தேர்தல் வந்தா தேர்தல் நோட்டீஸ். எல்லாக் கட்சிக்காரனும் படியேறி வருவான். எனக்குன்னு கட்சி கிடையாது, எல்லாக் கட்சியிலயும் பாக்கி உண்டு.

உங்க கேஷியர் போட்ட கணக்கு 2011 சென்சஸ்ல இருந்து கிளம்புகது. இந்த மாவட்டத்துல இந்து 48.65 சதவீதம், கிறிஸ்தவர் 46.85, முஸ்லிம் 4.2. தமிழ்நாட்டுல வேற எந்த மாவட்டமும் இப்படிப் பாதிக்குப் பாதி கிடையாது. அதனால நடுவுல ஒரு கோட்டைப் போட்டா தேர்தல் முடிஞ்சுதுன்னு நெனைக்காங்க.

ஆனா அந்த 46-ஐ ஒரே ஆளா நெனைச்சா எங்க ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். கடப்புறத்து ஆர்.சி. (கத்தோலிக்க) முக்குவ மீனவருக்கும் உள்ளே இருக்கிற சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) நாடாருக்கும் வேதம் ஒண்ணுதான். பொண்ணு கொடுக்கல் வாங்கல் கிடையாது. சந்தையில மீனுக்கு விலை பேசுகதுல இருந்து எல்லாத்துலயும் ரெண்டு பேருக்கும் உரசல் உண்டு. ஆர்.சி. நாடார் வேற, பெந்தெகொஸ்து வேற. அந்தப் பக்கம் 48-லயும் இந்து நாடார், அவங்களுக்குள்ள அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யாவழி, பொறவு நாயர், வெள்ளாளர், கிருஷ்ணவகை, ஆசாரிமார், சாம்பவர், மலையில காணிக்காரர்னு போகும். மேலாடை உரிமைக்காக 1859 வரைக்கும் நடந்த தோள்சீலைக் கலகத்துல நாடாரும் நாயரும் எதிரெதிரா நின்னவங்க. இவங்க எல்லாரையும் "இந்து ஓட்டு"ன்னு ஒரே தலைப்புக்குக் கீழ எழுதுகது 1982-ல இந்துவும் கிறிஸ்தவரும் மோதின மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பொறவு வலுத்த அரசியல். அது பலிக்கவும் செஞ்சுது. 1996-ல பத்மநாபபுரத்துல சி. வேலாயுதன் ஜெயிச்சாரு. தமிழ்நாட்டுச் சட்டசபைக்குத் தாமரைச் சின்னத்துல போன முதல் ஆள் அவருதான். ஆக இந்த ஓட்டு பிறவியிலேயே இப்படிக் கட்டுக்கட்டா வரல. சம்பவங்கள், ஆட்கள், உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் கட்டியிருக்கு.

இப்போ ஜெயிச்சவங்களைப் பாருங்க. நாகர்கோவில் தொகுதியில 1980-ல இருந்து 1998 வரைக்கும் ஆறு தடவை என். டென்னிஸ், முதல்ல காங்கிரஸ், பொறவு த.மா.கா. 1999-ல பொன். ராதாகிருஷ்ணன், பா.ஜ.க. 2004-ல பெல்லார்மின், சி.பி.எம். 2009-ல தொகுதிப் பேரு கன்னியாகுமரின்னு மாறிச்சு, ஹெலன் டேவிட்சன், தி.மு.க. 2014-ல மறுபடி பொன்னார். 2019-ல வசந்தகுமார், காங்கிரஸ். இந்த ஊர்ல சூரியன், கை, அரிவாள், தாமரை எல்லாம் ஜெயிச்சாச்சு. இரட்டை இலைக்குத்தான் இங்க எம்.பி. யோகம் வாய்க்கல.

மதம் மாறாம இது எப்படி நடக்குன்னு கேட்டீங்க இல்லியா? இதைப் பாருங்க. 2014-ல பொன்னார் வாங்கினது சுமார் 3.73 லட்சம். 1.28 லட்சம் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 2019-ல வாங்கினது சுமார் 3.67 லட்சம். கிட்டத்தட்ட 2.6 லட்சம் வித்தியாசத்துல தோத்தாரு. அவரு ஓட்டுல குறைஞ்சது வெறும் ஆறாயிரத்துக்குள்ளதான். 2024-ல திரும்பவும் 3.66 லட்சம். திரும்பவும் தோல்வி. அந்த ஓட்டு பாறை மாதிரி கெடக்கு. சுத்திலும் இருக்கிற தண்ணிதான் ஏறி இறங்குகது.

2014-ல காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., சி.பி.எம். நாலும் தனித்தனியா நின்னுது. இதுல காங்கிரஸை விட்டுட்டு மத்த மூணு பேரு வாங்கினதைக் கூட்டினாலே 3 லட்சத்துக்கு மேல வரும். 2019-ல தி.மு.க., காங்கிரஸ், சி.பி.எம். எல்லாம் ஒரே பக்கம் வந்துட்டு. ஜெயிச்சவரு 6.27 லட்சம் வாங்கினாரு. யாரும் மதம் மாறல தங்கச்சி, கட்சிக்காரங்க நாற்காலியை மாத்திப் போட்டாங்க.

ஆனா இதையும் வெறும் கூட்டணிக் கணக்குன்னு விட்டுற முடியாது. 2014-ல அ.தி.மு.க. தனியா 1.76 லட்சம் வாங்குச்சு. 2019-ல அந்தக் கட்சி பா.ஜ.க. கூட்டணியில. காகிதக் கணக்குப்படி பொன்னாருக்கு 5 லட்சம் தாண்டியிருக்கணும். தாண்டல. அந்த ஓட்டு எங்க போச்சு?

எங்க வீட்டையே சொல்லுகேன். நாங்க அய்யாவழி, மாசி 20-க்கு சாமிதோப்புக்குப் போறவங்க. எங்க பெரியப்பா மக்கள் சி.எஸ்.ஐ. தாத்தா ஒருத்தருதான். இங்க இது ஊர் உலகத்துல இல்லாத அதிசயம் ஒண்ணும் இல்லை, நாடார் குடும்பங்கள்ல சாதாரணம். பெரியப்பா மகன் எங்க அண்ணன் எம்.ஜி.ஆர். காலத்து ஆளு. இரட்டை இலைன்னு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தவிர வேற விரலைத் தேர்தல்ல தூக்காத மனுஷன். 2014-ல வேட்பாளர் யாருன்னு பாக்காம இலைக்குப் போட்டாரு. 2019-ல மெஷின்ல இலையே கிடையாது. "எங்க இலைக்காரங்க தாமரைக்குக் குத்தச் சொல்லுகாங்கலே, என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டு கைக்குப் போட்டாரு. அவரு கிறிஸ்தவருங்கிறதுனாலதானேன்னு கேக்கலாம். ஆமா, அதனாலதான். ஆனா அதுக்கு முந்தி முப்பது வருஷத்துக்கு மேல அதே கிறிஸ்தவரு சர்ச்சுல பாதிப்பேரு கைக்குப் போட்டப்பவும் இலைக்குத்தான் போட்டாரு. ரெண்டே சாய்ஸ்னு சுருங்கின அன்னைக்குத்தான் மதம் முன்னால வந்து நின்னுச்சு.

சட்டமன்றத் தேர்தலும் எம்.பி. இடைத்தேர்தலும் ஒரே நாள்ல நடந்த 2021-ல பொன்னாருக்கு 4.38 லட்சம் வந்துச்சு. இலைக்காரங்க தங்களுக்கே ஓட்டு கேட்டு இறங்கினதுல கூடவே இதுவும் ஏறிச்சுன்னுதான் எனக்குத் தோணுது. 2024-ல கூட்டணி பிரிஞ்சதும் பழையபடி 3.66.

இப்போ கடப்புறம். உங்க ஆபீஸ்ல "சாமியார் சொன்னா அப்படியே விழும்"னு சொல்லியிருப்பாங்களே? பங்குத்தந்தை பேச்சுக்கு மரியாதை உண்டுதான். பூசையில நேராச் சொல்லாட்டாலும் பங்குல தெருவாரியாக் கூடுகிற அன்பியக் கூட்டத்துல சொல்லாமச் சொல்லுவாங்க, அதையும் நான் மறைக்கல. ஆனா 2019 ஓட்டை அதை மட்டும் வச்சுப் படிச்சா தப்பு. 2016 ஜூலையில இனயத்துல சரக்குப் பெட்டக மாற்று முனையம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துது. கப்பல் துறை இணையமைச்சரா இருந்தவரும் நம்ம எம்.பி.யேதான். கடப்புறம் முழுக்கக் கருப்புக்கொடி. பொறவு இடத்தைக் கோவளம் பக்கம் மாத்தினாங்க, அங்கயும் எதிர்ப்பு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆட்கள் ஆழ்கடல்ல தங்கித் தொழில் செய்யறவங்க. போனவங்கள்ல எத்தனையோ பேரு வரல. தேடப் போங்கன்னு கேட்டு டிசம்பர்ல குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல ராத்திரி வரைக்கும் உக்காந்தாங்களே, அதுல பொம்பளையாட்கள்தான் பாதிக்கு மேல. அந்த அம்மாமார் ஒன்றரை வருஷம் கழிச்சு எதை அழுத்தணும்னு ஒரு சாமியார் சொல்லித்தரணுமா? சென்சஸ்ல அது "கிறிஸ்தவர்". கேஷியர் சலான்ல அது "ஆர்.சி. ஓட்டு". அந்தக் கோபத்துக்குச் சலான்ல ஏது இடம்?

சாதியே பாக்காதவங்க எங்க ஊர்க்காரங்கன்னும் நான் புளுகல. 1957-ல குளச்சல்ல ஜெயிச்ச லூர்தம்மாள் சைமனை காமராஜர் மந்திரி ஆக்கினாரு. மீனவ சமூகத்து அம்மா. அதுக்குப் பொறவு கடப்புறத்துக்கு எந்தக் கட்சியும் லேசுல சீட்டு கொடுக்கல. ஓட்டு மட்டும் மொத்தமா வேணும். 2024-ல விளவங்கோடு இடைத்தேர்தல்ல தாரகை கத்பர்ட் ஜெயிச்சப்போ கடப்புறத்துல வெடி வெடிச்சாங்கன்னா அது வெறும் சாதி வெறியா? அறுபது வருஷத்துக்கு மேல பந்தியில இலை போடாதவனுக்கு ஒரு இலை விழுந்த சந்தோஷம்.

சிறுவாணி

அண்ணாச்சி, இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்லைங்க. 3.73, 3.67, 3.66-ன்னு நீங்க எழுதினதைப் பாத்துட்டு நானே மறுபடி கூட்டிப் பாத்தேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்கறது சட்டப்படி குத்தம்தானுங்களே? அப்புறம் நோட்டீஸ்ல எப்படிச் சமாளிக்கறாங்க? ரெண்டாவது, ஓட்டு ரகசியம்தான். அப்ப இந்த ஊருல இந்தச் சமூகம் இத்தனைன்னு கேஷியருக்கு எப்படித் தெரியுது? அடிச்சு விடறாரா?

பரவனாற்றுக்கரை

கடலூர் மாவட்டத்துல இருந்து எழுதறேன். அண்ணாச்சி சொன்ன கூட்டணிக் கணக்கு எங்க பக்கமும் பொருந்தும், ஆனா எங்க பக்கம் அதுக்கு ரத்தமும் உண்டு.

பா.ம.க.வை வெறும் சாதிக்கட்சின்னு சிரிச்சுட்டுப் போறவங்க 1987-ஐ மறந்துடறாங்க. வன்னியர் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல், 21 பேர் செத்தாங்க, 1989-ல மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்துது. ஓட்டு ஒரு பொருளை வாங்கித் தந்துச்சுன்னு ஒரு சமூகம் கண்ணால பாத்தா அப்புறம் அந்தப் பழக்கத்தை விடுமா? ஆனா அதே கட்சி 2001-ல அ.தி.மு.க.வோட சேர்ந்து 20 எம்.எல்.ஏ., 2006-ல தி.மு.க.வோட சேர்ந்து 18. 2016-ல தனியா நின்னு 5 சதவீதத்துக்கு மேல வாங்கியும் ஒரு சீட்டு இல்லை. 2021-ல தேர்தல் தேதி அறிவிக்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா சட்டசபையில நிறைவேறுது. 23 இடத்துல நின்னு ஜெயிச்சது 5. வன்னியர் எல்லாரும் ஒரே சின்னத்துல குத்தறவங்களா இருந்தா இந்த எண்ணிக்கை வருமா? எங்க பக்கம் தி.மு.க.விலயும் அ.தி.மு.க.விலயும் இருக்கற பாதி ஒன்றியச் செயலாளருங்க வன்னியர்தான். அந்தச் சட்டத்தையும் ஹைகோர்ட் ரத்து பண்ணி, 2022-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு.

நான் பிறந்தது காலனித் தெரு. எங்க தொகுதி சிதம்பரம், தனித்தொகுதி. நிக்கற முக்கியமான ஆட்கள் எல்லாருமே தலித்துதான். அப்படின்னா சாதி பாக்க வழியே இல்லைன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. பாக்கறாங்க. வேட்பாளர்ல பாக்க முடியலன்னா கட்சியில பாப்பாங்க, சின்னத்துல பாப்பாங்க. 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்பதிவு அன்னைக்கு எங்க தொகுதியில இருக்கற பொன்பரப்பியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பானையைப் போட்டு உடைச்சாங்க, தெருவுக்குள்ள புகுந்து வீடுகளை நொறுக்கினாங்க. உடைபட்டது ஒரு தேர்தல் சின்னம். அந்தத் தடவை பானைச் சின்னத்துல நின்ன வி.சி.க. தலைவர் திருமாவளவன் ஜெயிச்சது வெறும் 3,219 ஓட்டுல. ராத்திரி வரைக்கும் எங்க தெருவுல யாரும் சாப்பிடலை.

2024-ல அதே ஆளு, அதே பானை, அதே ஊருங்க. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல. எங்க ஊர்க்காரங்க மனசு மாறி அணைச்சுக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2019-ல அ.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க. ஒண்ணா எதிர்ல நின்னாங்க. 2024-ல ரெண்டாப் பிரிஞ்சு நின்னாங்க. அண்ணாச்சியோட 2014-ஐத் திருப்பிப் போட்ட மாதிரி.

தனித்தொகுதியில இன்னொண்ணு. தமிழ்நாட்டுச் சட்டசபையில 44 தனித்தொகுதி. ஒண்ணுலயாவது தலித் ஓட்டு மட்டும் போதும்னு ஜெயிக்க முடியாது. அதனால கட்சிங்க மத்த சமூகத்துக்கு உறுத்தாத ஆளாப் பாத்து நிறுத்தும். 1932 பூனா ஒப்பந்தத்துல, தலித்துகள் மட்டுமே ஓட்டுப் போடற தனி வாக்காளர் தொகுதி போய், எல்லாரும் ஓட்டுப் போடற கூட்டு வாக்காளர் தொகுதி வந்ததோட பலன் இது. "சாதி பாக்காம ஓட்டுப் போடுங்க"ன்னு எங்களுக்கு வந்து சொல்றவங்க, எங்க வேட்பாளர் எவ்வளவு குனிஞ்சு கும்பிடறார்னு பாத்துத்தான் சீட்டு கொடுக்கறாங்கங்கறதையும் சொன்னா நல்லாருக்கும்.

ரயில்வே காலனி

பொன்பரப்பி விஷயத்துல மேல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. நீங்க சொல்றதைப் பாத்தா சாதி, மதமெல்லாம் மேல இருக்கற தலைவருங்க வேலை, கீழ ஜனங்க சுத்தத் தங்கம்னு ஆகுது. அப்படியா?

அச்சாபீஸ் அண்ணாச்சி

ரயில்வே காலனி, தங்கம்னு நான் சொல்லல. 1967-ல காமராஜரு பிறந்த ஊர் விருதுநகர்லயே ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரு. நாடார்கள் செறிஞ்ச பட்டணம் அது. அரிசி, இந்தித் திணிப்புன்னு அன்னைக்கு ஊருக்கு இருந்த கோபத்துக்கு முன்னால சொந்தச் சாதிக்காரருங்கிறது நிக்கல. எம்.பி.யா இருந்த நேசமணி காலமானதுனால 1969-ல நாகர்கோவில்ல இடைத்தேர்தல். காமராஜரு இங்க வந்து நின்னாரு, ஒரு லட்சத்துக்கு மேல வித்தியாசம். இங்க நாடார் பாசம் வேலை செஞ்சுதா? செஞ்சுது, எங்க அப்பாவே சொல்லுவாரு. அதே பாசம் விருதுநகர்ல ஏன் வேலை செய்யலங்கிறதுதான் நம்ம கேள்வி. சாதி எப்பவும் உள்ள இருக்கு. வேற பெரிய சமாச்சாரம் இல்லாத வருஷத்துலயும், ரெண்டு பக்கமும் பயமுறுத்துகிற வருஷத்துலயும் அதுக்குச் சத்தம் கூடும்.

தங்கச்சி கேட்ட சட்டத்துக்கு வாறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3). மதம், இனம், சாதி, சமூகம், மொழியைச் சொல்லி ஓட்டு கேட்டா ஊழல் நடவடிக்கை, ஜெயிச்சது செல்லாமப் போகும். முதல்ல வேட்பாளரோட மதம், சாதியைச் சொல்லிக் கேக்கிறது மட்டும்தான் குத்தமான்னு வழக்கு. 2017 ஜனவரி 2-ல சுப்ரீம் கோர்ட்டோட ஏழு நீதிபதிகள் பெஞ்ச், நாலுக்கு மூணுன்னு தீர்ப்பு சொல்லிச்சு: ஓட்டுப் போடுகவங்களோட மதம், சாதியைச் சொன்னாலும் குத்தம்தான். சிறுபான்மையா நின்ன மூணு பேரோட வாதத்துலயும் விஷயம் உண்டு. காலகாலமா சாதியால மிதிபட்டவன் அந்த அநியாயத்தைப் பேசி ஓட்டு கேக்கவே கூடாதுன்னு ஆகிடப்படாதுல்லியா? பரவனாற்றுக்கரைக்காரரு சொன்னதைப் படிச்சா அது இன்னும் நல்லாப் புரியும்.

அச்சாபீஸுக்குன்னு 127ஏ தனியா இருக்கு. தேர்தல் நோட்டீஸ்ல அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் விலாசமும் கட்டாயம். வெளியிடுகவரு ரெண்டு சாட்சியோட கையெழுத்துப் போட்டுத் தரணும், அதோட ஒரு பிரதியை நோட்டீஸோட சேத்துக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பணும். அதனால எவனும் எங்கிட்ட வந்து "நாடார்களே, திரளுங்கள்"னு அடிக்கச் சொல்ல மாட்டான். சொல்லாம எப்படிச் சொல்லணும்னு எல்லாருக்கும் தெரியும்.

பாதி வேலை தேர்தல் தேதி அறிவிக்கும் முன்னாலேயே முடிஞ்சிரும். நடத்தை விதி வராத மாசங்கள்ல, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஒரு வாழ்த்து போஸ்டர், மண்டைக்காடு மாசிக் கொடைக்கு ஒண்ணு, அய்யா அவதார தினத்துக்கு ஒண்ணு. சீட்டு கேக்கிற மனுஷன் மூணுலயும் கைகூப்பி நிப்பாரு. மூணுலயும் சட்டை வேற.

தேதி வந்த பொறவு சண்டை எல்லாம் இனிஷியல்லதான். வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. எங்க பக்கம் தங்கராஜ், செல்வராஜ், ராஜன்னு பேரு வச்சா ஆளு கோயிலா சர்ச்சான்னு கண்டுபிடிக்க முடியாது. அப்பா பேரு சொல்லிரும். நாராயணனா, யோவானா? ஒரே வேட்பாளருக்கு ரெண்டு புரூப் எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஒண்ணுல இனிஷியல் வெறும் எழுத்து. இன்னொண்ணுல அப்பா பேரை முழுசா விரிச்சு, அதுவும் வேட்பாளர் பேரு அளவு எழுத்துல. முதல் கட்டு ஒரு பக்கத்துக்குப் போகும், ரெண்டாவது கட்டு வேற பக்கத்துக்குப் போகும். கட்டு மாறிடக் கூடாதுன்னு பிரவுன் பேப்பர் மேல பையன் ஸ்கெட்ச் பேனாவால "மேக்கு", "கெழக்கு"ன்னு எழுதி வைப்பான். அப்பா பேரை எழுதறது எந்தச் சட்டத்துல குத்தம்? ஒண்ணும் சொல்ல முடியாது.

அடுத்தது, கேஷியருக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டீங்க. அடிச்சு விடல. வாக்குச்சீட்டு காலத்துல எண்ணுகதுக்கு முன்னால பல பூத் சீட்டுகளை ஒண்ணாக் கலக்குகிற வழக்கம் இருந்துச்சு, எந்தத் தெரு யாருக்குப் போட்டுதுன்னு தெரிஞ்சு பொறவு பழி வாங்கப்படாதுன்னுதான். மெஷின் வந்த பொறவு ஒவ்வொரு பூத்துக்கும் தனி எண்ணிக்கை வெளிய வந்துரும். ஒரு பூத்துன்னா ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. இங்க கடப்புற ஊருன்னா ஒரே சமூகம், உள்ளே தோட்டமா இருக்கிற விளைப்பக்கம்னா வேற சமூகம். பூத் எண்ணிக்கையைப் பாத்தா ஊரோட மனசு தெரிஞ்ச மாதிரிதான். பல பூத் மெஷின்களோட ஓட்டை மொத்தமாக் கூட்டிக் காட்டுகிற டோட்டலைசர் கருவி வேணும்னு தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டுது. மத்திய அரசு இன்னும் சம்மதிக்கல. எந்தக் கட்சிக்காரன் சம்மதிப்பான்? ரோடு யாருக்குப் போடணும், யாருக்குப் போடாண்டாம்னு தீர்மானிக்கிற பேப்பர் அதுதானே.

கேஷியரு தப்பு பண்ணுகது எங்கேன்னா, பூத்துல ஒரு கட்சிக்கு 70 சதவீதம் விழுந்தா அந்த ஊரையே அந்தக் கட்சி பேருல எழுதிருவாரு. மிச்சம் 30-ஐ அவரு பாக்க மாட்டாரு. நான் பாத்த வரைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் ஆடுகிறது அந்த 30-தான்.

சிறுவாணி

அந்த பூத் எண்ணிக்கை பொதுமக்களுக்குக் கிடைக்குமுங்களா அண்ணாச்சி? கட்சிக்காரங்க கையில மட்டும்தான் இருக்குமா?

அச்சாபீஸ் அண்ணாச்சி

எல்லாருக்கும் கிடைக்கும். படிவம் 20-ன்னு பேரு. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியோட வெப்சைட்ல தொகுதி வாரியாப் போடுவாங்க. எம்.பி. தேர்தல்னா ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் தனித்தனி ஃபைல்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். பல ஃபைல் ஸ்கேன் பண்ணினது, எழுத்து மங்கிக் கெடக்கும், எக்ஸெல்ல நேரா ஒட்ட முடியாது, கையால தட்டணும். பேங்க்காரங்களுக்கு அது ஒரு வேலையா!

அதுல பூத் நம்பர் மட்டும்தான் இருக்கும், ஊர்ப் பேரு இருக்காது. வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியா இறக்கி வச்சுக்கிடுங்க. ரெண்டு தேர்தலுக்கு நடுவுல பூத் நம்பர் மாறியிருக்கும், 2014-ல 90-ஆம் நம்பரா இருந்தது 2019-லயும் அதே பள்ளிக்கூடம்னு நெனைச்சிராதீங்க. பள்ளிக்கூடத்துப் பேரை வச்சு ஒத்துப் பாருங்க. குளச்சல்ல ஆரம்பிங்க, அங்கதான் கடப்புறமும் விளைப்பக்கமும் அடுத்தடுத்த பக்கத்துல வரும். தபால் ஓட்டு கடைசியில தனி வரியா வரும், கூட்டும்போது அதை விட்டுராதீங்க.